பேர் ஒரு இடம், அட்ரஸ் ஒரு இடம்: டீபக்கர் எப்படித் தேடுகிறது?

ஜிடிபி-யில் 'பிரேக் மெயின்' என்று அடிக்கிறோம். ஒரு நொடிகூட ஆகாமல் 'பிரேக்பாயின்ட் 1' என்று ஓர் அட்ரஸும், ஃபைல் பேரும், லைன் நம்பரும் வந்து நிற்கிறது. சி லேபில் இதை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிராசசருக்கு 'மெயின்' என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மெமரி அட்ரஸ், அங்கே இருக்கிற பைட்டுகள், அவ்வளவுதான். ஃபங்ஷன் பேர், வேரியபிள் பேர், ஸ்ட்ரக்ட், லைன் நம்பர் எல்லாம் நாம் படித்துப் புரிந்துகொள்ள எழுதியவை. மெஷின் கோடாக மாறும்போது அதில் ஒன்றுகூட மிஞ்சாது. அப்படியென்றால் டீபக்கருக்கு அந்தப் பேரை யார் சொன்னது?

கம்பைலர்தான். கம்பைல் பண்ணும்போதே, எந்தப் பேர் எந்த அட்ரஸ், எந்த லைன் எந்த இன்ஸ்ட்ரக்ஷன் என்று அது ஒரு கணக்கு நோட்டு எழுதிவைக்கிறது. டீபக்கர் அந்த நோட்டைப் புரட்டுகிறது. நோட்டில் இருப்பதைத் தாண்டி உங்கள் ப்ரோக்ராமைப் பற்றி அதற்குத் தனியாக ஒரு அறிவும் கிடையாது. இது புரிந்துவிட்டால் 'நோ சிம்பல் டேபிள்', 'நோ சிம்பல் இன் கரன்ட் கான்டெக்ஸ்ட்', 'ஆப்டிமைஸ்டு அவுட்', வெறும் '??' ஆகிய நாலு மெசேஜும் ஏன் வருகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின ராத்திரி இது ரொம்பவே உதவும்.

போர்டில் ஒரு பேரும் கிடையாது

லேப்டாப்பில் ப்ரோக்ராமும் டீபக்கரும் ஒரே இடத்தில் இருப்பதால் இந்தப் பிரிவு நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஒரு மைக்ரோபிராசசர் போர்டை எடுத்துக்கொண்டால் பளிச்சென்று தெரியும். நம்ம பள்ளிக்கரணையில் இருந்து வேளச்சேரி வழியாகப் போனால் வருகிற ஐஐடி மெட்ராஸிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: சக்தி பிராசசர். 2014-இல் தொடங்கிய இந்த முயற்சி ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த இன்ஸ்ட்ரக்ஷன் செட்டில் கட்டப்பட்டது. 2020-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய சுதேசி மைக்ரோபிராசசர் சேலஞ்சில், சக்தியும் சி-டாக்கின் வேகாவும்தான் போட்டியாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிராசசர்கள். ஆர்ட்டி ஏ7 எஃப்பிஜிஏ போர்டில் ஏற்றி ஓட்டுவதற்கு பினாகா, பராசு, வஜ்ரா என்று மூன்று வடிவங்கள் உண்டு.

இதில் டீபக் பண்ணும்போது நடப்பது இதுதான். ஜிடிபி உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது. நடுவில் ஓப்பன்ஓசிடி என்ற சாஃப்ட்வேர். அங்கிருந்து ஜேடேக் வழியாக போர்டு. ப்ரோக்ராமை ஏற்ற 'லோட்' கொடுத்தால், எல்ஃப் ஃபைலில் இருந்து கோடும் டேட்டாவும் மட்டும் ஹெக்ஸ் 80000000-இல் தொடங்கும் மெமரிக்குப் போகிறது. பேர்கள் போவதில்லை. எல்ஃப் ஃபைலிலேயே சில பகுதிகளுக்கு 'மெமரியில் ஏற்ற வேண்டியது' என்று குறி இருக்கும். சிம்பல் பகுதிகளுக்கு அந்தக் குறி கிடையாது.

இப்போது நீங்கள் 'பிரேக் ரீட்_டெம்ப்' என்கிறீர்கள். ஜிடிபி லேப்டாப்பில் இருக்கிற எல்ஃப் ஃபைலைப் பார்த்து 'ரீட்_டெம்ப்' என்றால் ஹெக்ஸ் 80000124 என்று கண்டுபிடிக்கிறது. போர்டுக்குப் போவது 'இந்த அட்ரஸில் நிறுத்து' என்ற செய்தி மட்டும். போர்டு நின்றதும் திரும்பி வருவதும் ஒரு அட்ரஸ்தான். அதை மறுபடி பேராக மாற்றுவதும் லேப்டாப் வேலை. ஆக, தேடல் ரெண்டு திசையில் நடக்கிறது: பேரில் இருந்து அட்ரஸ், அட்ரஸில் இருந்து பேர்.

முதல் நோட்டு: சிம்பல் டேபிள்

எல்ஃப் ஃபைலில் சிம்டேப் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் குளோபல் வேரியபிளுக்கும் அதில் ஒரு வரி. 64 பிட் எல்ஃபில் ஒரு வரி சரியாக 24 பைட். 32 பிட்டில் 16 பைட். அந்த வரியில் இருப்பவை: பேர், அட்ரஸ், சைஸ், வகை (ஃபங்ஷனா, டேட்டாவா, லோக்கலா, குளோபலா), எந்த செக்ஷன்.

24 பைட்டில் நீளமான பேர் எப்படி அடங்கும் என்று கேட்கலாம். அடங்காது. பேர்கள் எல்லாம் எஸ்டிஆர்டேப் என்ற இன்னொரு பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். சிம்பல் வரியில் இருப்பது 'அந்தப் பகுதியில் இத்தனையாவது பைட்டில் இருந்து படி' என்ற நம்பர். இதனால் எல்லா வரியும் ஒரே அளவாக இருக்கிறது. ஆயிரமாவது வரி வேண்டுமென்றால் பெருக்கிப் பார்த்து நேரே அங்கே தாவலாம்.

இதைக் கண்ணால் பார்க்க 'என்எம்' கமாண்டுக்கு உங்கள் ஏ.அவுட் ஃபைலைக் கொடுங்கள். 'ஸ்ட்ரிப்' கொடுத்துவிட்டு மறுபடி 'என்எம்' ஓட்டினால் 'நோ சிம்பல்ஸ்' என்று வரும். ப்ரோக்ராம் மட்டும் முன்னே மாதிரியே ஓடும். பேர் இல்லாமலும் பிராசசருக்கு ஒரு குறையும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஃபங்ஷனுக்குள் இருக்கிற லோக்கல் வேரியபிள் சிம்டேப்பில் வராது. அதற்கு நிரந்தர அட்ரஸே இல்லையே. ஃபங்ஷன் கூப்பிடப்படும்போது ஸ்டாக்கில் பிறந்து, முடிந்ததும் போய்விடுகிறது. டைப், லைன் நம்பர் இவையும் இங்கே கிடையாது. அதற்குத்தான் ரெண்டாவது நோட்டு.

ரெண்டாவது நோட்டு: ட்வார்ஃப்

ஜிசிசிக்கு '-ஜி' கொடுத்தால் எழுதப்படுவது இது. எல்ஃப் என்ற பேருக்குத் துணையாக விளையாட்டாக வைத்த பேர்தான் ட்வார்ஃப். 1993-இல் ரெண்டாம் பதிப்பு, 2005-இல் மூன்று, 2010-இல் நாலு, 2017-இல் ஐந்து. 2021-இல் வந்த ஜிசிசி 11-இல் இருந்து ஐந்தாம் பதிப்புதான் பொதுவான டீஃபால்ட்.

இதில் தகவல் ஒரு மரம் போல இருக்கும். மேலே ஒரு சி ஃபைல். அதற்குக் கீழே அதன் ஃபங்ஷன்கள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்குக் கீழே அதன் பாராமீட்டர், லோக்கல் வேரியபிள், உள்ளே இருக்கிற பிளாக். ஒவ்வொன்றுக்கும் பேர், டைப், 'எங்கே கிடைக்கும்' என்ற குறிப்பு. லோக்கல் வேரியபிளுக்கு அந்தக் குறிப்பு 'இந்த ஃபங்ஷனின் ஃப்ரேமில் இருந்து 20 பைட் கீழே' என்கிற மாதிரி இருக்கும். ஜிடிபி அந்த நேரத்து ரிஜிஸ்டரைப் பார்த்து நிஜ அட்ரஸைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஆப்டிமைசேஷன் போட்டால், ஒரு வேரியபிள் கொஞ்ச நேரம் ஒரு ரிஜிஸ்டரில், கொஞ்ச நேரம் இன்னொன்றில், அப்புறம் எங்கேயுமே இல்லை என்று ஆகலாம். அப்போது கம்பைலர் நோட்டில் 'இந்த அட்ரஸில் இருந்து இந்த அட்ரஸ் வரை இங்கே இருக்கும்' என்று பட்டியலாக எழுதும். நீங்கள் நின்ற இடம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் வருவதுதான் 'ஆப்டிமைஸ்டு அவுட்'. பேர் கிடைத்துவிட்டது, மதிப்பு வைக்க இடம் இல்லை என்று அர்த்தம்.

'-ஜி' போட்டால் ப்ரோக்ராம் ஸ்லோ ஆகிவிடுமா என்று பல பேருக்குச் சந்தேகம். ஆகாது. ஃபைல் சைஸ் கூடும். மெஷின் கோட் அதேதான். போர்டு மெமரியிலும் கூடுதலாக ஒரு பைட் பிடிக்காது, ஏனென்றால் ட்வார்ஃபும் ஏற்றப்படுவதில்லை.

பேரில் இருந்து அட்ரஸ்

ஒரு பெரிய சாஃப்ட்வேரில் லட்சக்கணக்கில் சிம்பல் இருக்கும். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து வரிசையாகத் தேடினால் வேலைக்கு ஆகாது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் படித்த ஹாஷ் டேபிள் இங்கேதான் வருகிறது. ஜிடிபி, சிம்டேப்பில் இருந்து எடுத்த பேர்களை 'மினிமல் சிம்பல்' என்று வைத்துக்கொள்ளும். அவற்றுக்கான ஹாஷ் டேபிளில் பல பதிப்புகளாக 2039 பக்கெட்டுகள் இருந்தன. 2039 ஒரு பகா எண். பக்கெட் எண்ணிக்கை ஏன் பகா எண்ணாக இருந்தால் நல்லது என்று உங்கள் சார் போர்டில் எழுதிப்போட்டது வீண்போகவில்லை.

ட்வார்ஃப் விஷயத்தில் இன்னொரு தந்திரம்: சோம்பேறித்தனம். அந்த மரம் முழுவதையும் ஆரம்பத்திலேயே படித்தால் பெரிய ப்ரோக்ராமுக்கு ரொம்ப நேரமும் மெமரியும் போகும். அதனால் ஜிடிபி முதலில் ஒரு மேலோட்டமான இன்டெக்ஸ் மட்டும் போடும்: இந்தப் பேர் இந்த சி ஃபைலின் பகுதியில் இருக்கிறது, அவ்வளவு. நீங்கள் உண்மையில் அந்தப் பேரைக் கேட்கும்போதோ, ப்ரோக்ராம் அந்த ஃபைலில் வந்து நிற்கும்போதோதான் அந்த ஒரு பகுதியை மட்டும் முழுசாக விரித்துப் படிக்கும். பரீட்சைக்கு இன்டெக்ஸைப் பார்த்துத் தேவையான யூனிட்டை மட்டும் திறப்பது மாதிரி. இந்த இன்டெக்ஸையும் முன்னாடியே கணக்குப் போட்டு எல்ஃப் ஃபைலுக்குள் வைக்க முடியும். ட்வார்ஃப் ஐந்தாம் பதிப்பு அதற்கென்றே ஒரு பகுதியை வரையறுத்திருக்கிறது.

அடுத்தது, ஒரே பேர் பல இடத்தில் இருந்தால்? 'பிரின்ட் ஐ' என்று கேட்கிறீர்கள். குளோபலாக ஒரு ஐ, ஃபங்ஷனில் ஒரு ஐ, ஃபார் லூப்புக்குள் ஒரு ஐ. ஜிடிபி நீங்கள் நிற்கிற இடத்தின் உள் பிளாக்கில் தொடங்கி, வெளி பிளாக், ஃபங்ஷன், அந்த ஃபைலின் ஸ்டாட்டிக் பேர்கள், கடைசியில் குளோபல் என்று படிப்படியாக வெளியே வரும். முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். எங்கேயும் கிடைக்காவிட்டால் 'நோ சிம்பல் இன் கரன்ட் கான்டெக்ஸ்ட்'. இந்த மெசேஜ் வந்தால் பேர் ப்ரோக்ராமிலேயே இல்லை என்று அர்த்தம் இல்லை. நீங்கள் நிற்கிற ஃப்ரேம் வேறாக இருக்கலாம். 'அப்' கொடுத்து கூப்பிட்ட ஃபங்ஷனுக்குப் போய் மறுபடி கேளுங்கள். 'நோ சிம்பல் டேபிள் இஸ் லோடட்' என்றால்தான் நோட்டே இல்லை என்று பொருள்.

இன்னொரு சின்ன விஷயம். 'என்எம்' 80000124 என்று காட்டிய ஃபங்ஷனுக்கு பிரேக்பாயின்ட் வைத்தால், ஜிடிபி 80000134 என்று சில இன்ஸ்ட்ரக்ஷன் தள்ளிக் காட்டலாம். தப்பு ஒன்றும் இல்லை. ஃபங்ஷனின் முதல் சில இன்ஸ்ட்ரக்ஷன்கள் ஸ்டாக் ஃப்ரேமைத் தயார் பண்ணுபவை. அது முடியும்முன் நிறுத்தினால் லோக்கல் வேரியபிளின் அட்ரஸ் கணக்கு சரியாக வராது. லைன் டேபிளைப் பார்த்து அந்த முன்னேற்பாட்டைத் தாண்டிய இடத்தில் ஜிடிபி நிறுத்துகிறது.

அட்ரஸில் இருந்து பேர்

கிராஷ் ஆனால் கையில் கிடைப்பது அட்ரஸ். சக்தி மாதிரி ரிஸ்க்-ஃபைவ் போர்டில், எக்ஸப்ஷன் நடந்த இன்ஸ்ட்ரக்ஷனின் அட்ரஸ் எம்இபிசி என்ற ரிஜிஸ்டரில் இருக்கும். அது 80000150 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பரில் எந்த ஃபங்ஷனும் தொடங்கவில்லை. அப்போது ஹாஷ் டேபிள் உதவாது, அது சரியான பொருத்தம் இருந்தால்தான் பதில் சொல்லும்.

வேளச்சேரி–தாம்பரம் ரோட்டில் பஸ்ஸில் வருகிற நண்பர் போன் பண்ணி 'பள்ளிக்கரணை தாண்டிட்டேன், மேடவாக்கம் இன்னும் வரல' என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும். கடைசியாகத் தாண்டிய ஸ்டாப்பும், அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதும் போதும். ஜிடிபி செய்வதும் அதேதான். சிம்பல்களை அட்ரஸ் வரிசையில் அடுக்கி வைத்திருக்கும். பைனரி சர்ச்சில், கேட்ட அட்ரஸைத் தாண்டாத கடைசி சிம்பலைப் பிடிக்கும். பத்து லட்சம் சிம்பல் இருந்தாலும் 20 ஒப்பீட்டில் வேலை முடிந்தது. 80000150-இல் இருந்து 80000124-ஐக் கழித்தால் ஹெக்ஸில் 2சி, அதாவது 44. அதனால் 'ரீட்_டெம்ப்+44'.

சிம்பல் வரியில் சைஸ் ஏன் இருக்கிறது என்பதும் இங்கே புரியும். அட்ரஸ் அந்த ஃபங்ஷனின் சைஸைத் தாண்டி இருந்தால், ஜிடிபி அந்தப் பேரை ஒட்டவைக்காமல் '??' போடும். ஆனால் அசெம்பிளியில் கையால் எழுதிய ஸ்டார்ட்-அப் கோடில் சைஸ் சொல்லாமல் விட்டால் அது 0 என்று இருக்கும். அப்போது பக்கத்தில் இருக்கிற சிம்பலின் பேரோடு பெரிய ஆஃப்செட் வரலாம். 'ட்ராப்_என்ட்ரி+9000' மாதிரி ஏதாவது பார்த்தால் நம்பாதீர்கள். அது மேடவாக்கம் தாண்டி, செம்பாக்கம் தாண்டி தாம்பரமே வந்த பிறகும் 'பள்ளிக்கரணைக்கு அந்தாண்ட இருக்கேன்' என்று சொல்வதுபோல.

பேக்ட்ரேஸில் இன்னொரு நுணுக்கம். ஸ்டாக்கில் இருப்பது ரிட்டர்ன் அட்ரஸ், அதாவது கால் இன்ஸ்ட்ரக்ஷனுக்கு அடுத்தது. கால்தான் அந்த லைனின் கடைசி இன்ஸ்ட்ரக்ஷன் என்றால், ரிட்டர்ன் அட்ரஸ் அடுத்த லைனில் விழும். சில நேரம் அடுத்த ஃபங்ஷனிலேயே விழும். அதனால் ஜிடிபி ஒன்றைக் கழித்துவிட்டுத் தேடுகிறது. நீங்கள் 'அட்ரஸ்2லைன்' கமாண்டுக்கு ரிட்டர்ன் அட்ரஸைக் கையால் கொடுக்கும்போதும் ஒன்றைக் கழித்துக்கொடுங்கள். எம்இபிசி-யை மட்டும் அப்படியே கொடுக்கலாம்.

தமிழில் பேர் வைத்தால்?

2020-இல் வந்த ஜிசிசி 10-இல் இருந்து சி ப்ரோக்ராமில் வேரியபிளுக்கு நேரடியாகத் தமிழில் பேர் வைக்கலாம். 'இன்ட் விலை' என்று எழுதினால் கம்பைல் ஆகும். சிம்பல் டேபிளுக்கு எழுத்து என்பது தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். 'விலை' நமக்கு ரெண்டு எழுத்து. யூனிகோடில் வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று நாலு. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 12 பைட். சி++-இல் ஃபங்ஷன் பேரோடு அதன் நீளமும் சேர்த்துத்தான் சிம்பலாக எழுதப்படும். 'விலை' என்று ஃபங்ஷன் வைத்தால் அதில் 12 என்று இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், 'கொடை' என்ற சொல்லில் 'கொ'-வை யூனிகோடில் ரெண்டு விதமாக எழுத முடியும். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று. அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் ரெண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பைட்டில் ஒன்று 12, இன்னொன்று 15. ஹாஷ் வேறு, பொருத்தமும் வேறு. ஃபைலில் ஒரு விதமாக இருந்து நீங்கள் டீபக்கரில் வேறு விதமாக அடித்தால், கண் முன்னாடி இருக்கிற பேரையே 'இல்லை' என்று சொல்லும். ஒருங்கிணைந்த வடிவத்தில் இல்லாத பேரைப் பார்த்தால் ஜிசிசி வார்னிங் கொடுக்கும். தமிழில் பேர் வைப்பவர்கள் அந்த வார்னிங்கைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது.

பழைய நோட்டு, புது ப்ரோக்ராம்

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: நோட்டும் ஓடுகிற ப்ரோக்ராமும் ஒரே பில்டில் இருந்து வந்தவை. போர்டில் திங்கள்கிழமை பில்டு ஓடுகிறது, உங்கள் லேப்டாப்பில் புதன்கிழமை எல்ஃப் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? நடுவில் ஒரு ஃபங்ஷனில் ரெண்டு லைன் சேர்த்திருந்தால், அதற்குப் பின்னால் இருக்கிற அட்ரஸ் எல்லாம் நகர்ந்திருக்கும். 80000150-ஐக் கேட்டால் டீபக்கர் 'தெரியாது' என்று சொல்லாது. வேறு ஒரு ஃபங்ஷன் பேரையும், வேறு ஒரு லைன் நம்பரையும், அதே உறுதியோடு சொல்லும். நீங்கள் ராத்திரி முழுக்க ஒரு தப்பும் இல்லாத ஃபங்ஷனைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். பதில் இல்லாததைவிட இது மோசம்.

'சோர்ஸ் ஃபைல் எக்ஸிக்யூட்டபிளைவிடப் புதியது' என்று ஜிடிபி கொடுக்கிற வார்னிங் சோர்ஸையும் எல்ஃபையும் மட்டும் ஒப்பிடுகிறது. போர்டில் என்ன இருக்கிறது என்பது அதில் வராது. அதற்கு 'கம்பேர்-செக்ஷன்ஸ்' என்ற கமாண்டு உண்டு. போர்டு மெமரியில் இருக்கிற கோடையும் கையில் இருக்கிற எல்ஃபையும் ஒப்பிட்டு, பொருந்துகிறதா என்று சொல்லும்.

பெரிய அளவில் இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு பில்டு-ஐடி. லிங்கர் ஒவ்வொரு பில்டுக்கும் 20 பைட் அடையாளம் ஒன்றை எல்ஃபில் பதிக்கும், ஹெக்ஸில் 40 எழுத்து. உபுண்டுவோ, சி-டாக் உருவாக்கிய டெபியன் வழி பாஸ் லினக்ஸோ, அதில் வருகிற ப்ரோக்ராம்கள் ஸ்ட்ரிப் செய்யப்பட்டவை. நோட்டு தனி ஃபைலாக இருக்கும். பில்டு-ஐடியை வைத்துத்தான் ஜிடிபி சரியான நோட்டைச் சேர்க்கிறது. 2019-இல் வந்த டீபக்இன்ஃபோடி, அந்த ஐடியைக் கொடுத்து நெட்டில் இருந்தே நோட்டை இறக்கிக்கொள்ள வழி செய்தது. பேர்-மெட்டல் போர்டுக்கு கம்பைல் பண்ணும்போது பில்டு-ஐடி பெரும்பாலும் தானாக வராது. லிங்கருக்கு ஆப்ஷன் கொடுத்து நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆக, ப்ராஜெக்ட் பண்ணும்போது செய்ய வேண்டியது மூன்றே விஷயம்.

ஒன்று, எப்போதும் '-ஜி' போட்டே கம்பைல் பண்ணுங்கள். டீபக் பண்ணும் நாட்களில் '-ஓஜி' ஆப்டிமைசேஷன் போதும்.

ரெண்டு, போர்டில் ஏற்றிய ஒவ்வொரு பில்டின் எல்ஃப் ஃபைலையும், ஸ்ட்ரிப் பண்ணாமல், தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பின் ஃபைலை மட்டும் வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை, அதில் ஒரு பேர்கூட இருக்காது. திரும்பக் கம்பைல் பண்ணி எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். கம்பைலர் பதிப்போ ஒரு ஆப்ஷனோ மாறினாலே அட்ரஸ் நகர்ந்துவிடும்.

மூன்று, ப்ரோக்ராம் தொடங்கும்போதே தன் பதிப்பை யுஆர்ட்டில் ஒரு வரி பிரின்ட் பண்ணட்டும். ட்ராப் ஹேண்ட்லரில் எம்இபிசி-யையும் எம்காஸையும் பிரின்ட் பண்ணுங்கள். நீங்கள் ஹாஸ்டலில் தூங்கும்போது லேபில் போர்டு நின்றுபோனாலும், அந்த ரெண்டு வரியை யாராவது போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். எந்த எல்ஃப் என்று பதிப்பு சொல்லும், எந்த லைன் என்று எல்ஃப் சொல்லும்.